செய்தவர் என்ற கட்டம்

என் அக்காவின் கணவரை, அதாவது என் அத்தானை, மருத்துவமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'லேபிள் சார்' என்றால்தான் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி லேபிள் மெஷின் இருக்கும். எழுத்தைத் தட்டினால் கிர்ரென்று வெள்ளைப் பட்டை வெளியே வரும். அதைக் கிழித்து, ஈரம் துடைத்து, விரலால் மூன்று தடவை நீவி ஒட்டுவார். இரண்டு தடவை நீவினால் போதாதா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, மூன்றாவது தடவைதான் ஓரம் பிடிக்கும் என்றார்.

வீட்டிலும் அதே கூத்துதான். ஒவ்வொரு ஸ்விட்சுக்குக் கீழேயும் பெயர் இருக்கும். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', உப்பு டப்பாவில் 'உப்பு', தண்ணீர் மோட்டார் ஸ்விட்சில் 'கேட்டுவிட்டுப் போடவும்'. "யாரைக் கேக்கணும்? வீட்ல இருக்கிறது நாம ரெண்டு பேரு" என்று அக்கா சிரிப்பாள். "என் நெத்தியில மட்டும்தான் இன்னும் ஒட்டல. அங்கயும் ஒட்டிட்டா கல்யாண நாளாவது ஞாபகம் இருக்கும்" என்பாள். அத்தான் பதிலுக்கு மெஷினைக் கையில் எடுப்பார். அவள் அடுப்படிக்கு ஓடுவாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்த காலம் அது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் மருத்துவமனைக்கு டெலிபோன் ஒயர் இழுக்கும் ஆளாக வந்தவர். பட்டம் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் தானே படித்து, தானே கழற்றிப் பூட்டி, கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளராகிவிட்டார். நான் மூன்று சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, முப்பத்தொரு வயதில் அதே பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த ஒரு மாதத்திலேயே எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்துவிட்டது. மனிதர் அவ்வளவு மெதுவு. ஒரு கேபிளை இடம் மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும், அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியில் இருபது நிமிடம் நோட்டு எழுதுவதற்கே போகும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. சர்வர் ரேக்கின் கீழ்த்தட்டில், ஒரு பேனாவோடு நூல் கட்டிக் கிடக்கும். அதில் ஏழு கட்டங்கள்: தேதி, நேரம், எந்த சர்வர், முன்பு இருந்தது, இப்போது மாற்றியது, திரும்பும் வழி, செய்தவர். எழுதிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். தொட்ட பிறகு எழுதுவது அவர் கணக்கில் எழுதாததற்குச் சமம். "எழுதாம தொட்டா திருட்டுடா மாப்ள" என்பார். "அத்தான், எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்பேன் நான். அவர் கோபப்பட மாட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுவார்.

அங்கே இரண்டு பெரிய சர்வர்கள் இருந்தன. பார்த்தால் இரண்டு பெட்டிதான். ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாம் மெய்நிகர், கையால் தொட முடியாதவை. முதல் சர்வருக்குள் பதிவு கவுன்டர், ரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்தகம். இரண்டாவதற்குள் ஸ்கேன் படங்கள், அறுவை அரங்கின் திரைகள். இவை எல்லாம் வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால் சர்வரின் முதுகில் உள்ள நெட்வொர்க் அடாப்டர்கள் வழியாகத்தான் பேச வேண்டும். சர்வருக்குள் இவற்றையெல்லாம் இணைக்க மெய்நிகர் ஸ்விட்ச் என்று ஒரு மென்பொருள் உண்டு; எந்த அடாப்டர் யாருக்கு வாசல் என்பதை அதன் அமைப்பில் தேர்ந்தெடுத்து வைத்திருப்போம். சர்வரை நாங்கள் தூரத்திலிருந்து இயக்குவதும் அதே வாசல் வழியாகத்தான்.

முதல் சர்வரில் நாலு அடாப்டர்கள். அத்தான் சும்மா விடுவாரா? நாலுக்கும் கணினிக்குள்ளேயே பெயர் வைத்திருந்தார்: 'மாடிகள்', 'சேமிப்புப் பெட்டி', 'உபரி', 'புது வேகம்'. அந்தப் 'புது வேகம்' அவர் இரண்டு மாதம் முன்பு வாங்கிப் பூட்டிய அடாப்டர். பதிவு கவுன்டரில் காலை நேரத்தில் திரை நகரவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்ததால் வாங்கியது. பழைய வாசலிலிருந்து இந்தப் புது வாசலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து வைத்திருந்தார். அந்த ஞாயிறு வர இன்னும் பதினோரு நாள் இருந்தது.

பதினோரு நாள்! ஒரு கிளிக்குக்குப் பதினோரு நாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று புதன்கிழமை காலை. பதிவு கவுன்டர் பெண் போனில் அழாத குறையாகப் பேசினாள். "சார், வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. என்னைத் திட்டறாங்க சார்." இதோ பார் என்று காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அத்தான் மருந்தகத்தில் ஏதோ பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் மாடியில் என் மேஜையிலிருந்தே முதல் சர்வருக்குள் நுழைந்தேன். நுழைய இருந்தது ஒரே கணக்கு, அதன் கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மெய்நிகர் ஸ்விட்சின் அமைப்பைத் திறந்து, அடாப்டர் பட்டியலை இறக்கினேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. அந்தப் பட்டியலில் அத்தான் வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் மட்டும் கம்பெனி வைத்த பெயர்தான் வரும். நாலுக்கும் ஒரே பெயர், பின்னால் எண் மட்டும் வேறு: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எந்த எண் எந்த வாசல் என்பதை அத்தான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். நோட்டு கீழ்த்தளத்தில் கிடந்தது. நாலு மாடி இறங்கி ஏற வேண்டும். கடைசியாகப் பூட்டியது நாலாவதாகத்தானே இருக்கும் என்று நாலைத் தேர்ந்தெடுத்து, சரி என்று அழுத்திவிட்டேன். மணி பத்து நாற்பத்திரண்டு.

நாலாவது எண், தகவல்களைச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் பெட்டிக்கு மட்டும் போகும் தனி வாசல். அங்கிருந்து மாடிகளுக்கு வழியே இல்லை. என் திரை அப்படியே உறைந்து நின்றது, ஏனென்றால் நான் உள்ளே நுழைந்த வாசலையும் நானே அடைத்திருந்தேன். அரை நிமிடத்தில் போன் அடித்தது. பதிவு கவுன்டர். அடுத்தது மருந்தகம். அடுத்தது பரிசோதனைக் கூடம்.

நான் படியிறங்கி ஓடியபோது அத்தான் எனக்கு முன்னால் கீழ்த்தளத்தில் இருந்தார். முதலில் அவர் குனிந்து எடுத்தது நோட்டைத்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மூடினார்.

"நோட்டுல ஒண்ணும் இல்ல. அப்ப யாரும் எதையும் தொடல. கேபிள்தான்" என்றார்.

"நீ ஏதாவது பண்ணினியா?" என்று அவர் என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே கதைவிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. நோட்டில் இல்லை என்றால் நடக்கவில்லை. அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சந்தேகப்பட வேறு காரணமும் இருந்தது. அந்த வாரம்தான் தாழ்வாரத்துக் கூரைக்குள் குளிர்காற்றுக் குழாய் போட ஆட்கள் ஏறியிருந்தார்கள். கேபிள்களை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். சர்வர் முதுகில் நாலு பச்சை விளக்கும் எரிந்தன, சர்வரிலேயே மாட்டியிருந்த திரையிலும் நாலு அடாப்டரும் இணைந்திருப்பதாகவே காட்டியது. அப்படியானால் கோளாறு இதற்கு அப்பால் எங்கோ கூரைக்குள் என்று முடிவு கட்டினார். ஐம்பத்தொரு வயதில் தரையில் மல்லாந்து படுத்து, ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்தார்.

"மாப்ள, டார்ச்சைப் பிடி."

பிடித்தேன். இரண்டரை மணி நேரம் பிடித்தேன். அவர் ஒவ்வொரு கேபிளாக உருவி, முனையைத் துடைத்து, சோதனைக் கருவியில் மாட்டி, திரும்பச் செருகினார். ஒவ்வொன்றும் நல்ல கேபிள் என்பது எனக்குத் தெரியும். அத்தான், கேபிள் இல்லை, அமைப்பைப் பாருங்கள், நாலாவது எண்ணை நான்தான் போட்டேன். இதைச் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? முதல் ஐந்து நிமிடத்தில், அவராகவே கண்டுபிடித்துவிடுவார் என்று இருந்தேன். பத்தாவது நிமிடத்தில், இப்போது சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பாரே என்று இருந்தேன். ஒரு மணி நேரம் ஆன பிறகு, இனி எப்படிச் சொல்வது என்று இருந்தேன். மேலே வரிசையில் நின்றவர்கள் கத்துவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. சீ, என்ன பிறவி நான்.

ஒரு மணி இருபதுக்கு அவர் எழுந்து உட்கார்ந்தார். "நிச்சயமா நல்லா இருக்கிற கேபிள் ஒண்ணை இதுல மாட்டிப் பாத்துடலாம். ரெண்டாவது சர்வர்ல ஜோடியா ரெண்டு ஓடுது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு தாங்கும்" என்றார். நியாயமான யோசனைதான். எந்தப் பொறியாளரும் அதைத்தான் செய்வார். அந்த அவசரத்திலும் மனிதர் நோட்டை எடுத்து ஏழு கட்டத்தையும் நிரப்பினார். பிறகு கேபிளை உருவினார்.

இன்னொன்று தாங்கவில்லை. இந்தப் பக்கம் அதன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம், இடையில் உள்ள பெட்டியிலிருந்து மாடிக்கு ஏறும் அதன் தொடர்ச்சியைக் கூரை ஆட்கள் காலையிலேயே நசுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது சர்வரும் விழுந்தது. அத்தான் உடனே கேபிளைத் திரும்பச் செருகினார். ஆனால் ஸ்கேன் படங்கள் இருந்த மெஷின் பாதியில் அறுபட்டதால் குழம்பிப்போய், மறுபடி எழுந்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மேலே அறுவை அரங்கில் இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்திக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கத்தி வைப்பதற்கு முன் டாக்டர் திரையைப் பார்த்தார், படம் இல்லை. காத்திருந்தார்கள். பிறகு மயக்கம் தெளிய வைத்து வெளியே கொண்டுவந்து, அவள் அம்மாவிடம் மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த அம்மா வராந்தாவில் நின்று எங்கள் எல்லோரையும் சபித்தாள். அந்தப் பெண் பிறகு நல்லபடியாகத் தேறினாள். அந்த ஒன்று மட்டும் நடக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான், வேறு வழி ஒன்றும் மிச்சமில்லாமல், அத்தான் முதல் சர்வரின் அமைப்பைத் திறந்து பார்த்தார். ஒரு நிமிடத்தில் சரியாயிற்று. நான் அப்போது மேலே கவுன்டர் கவுன்டராக ஓடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நீள மேஜை, மூன்று அதிகாரிகள், ஓரத்தில் சாட்சியாக நான்.

"அறுவை நடக்கிற நேரத்துல, ஓடிட்டிருந்த சர்வரோட கேபிளை உருவினது யாரு?"

"நான்தான் சார்."

"முதல் சர்வர் ஏன் விழுந்தது?"

"அமைப்பு மாறியிருந்தது சார். அந்த ரூமுக்குப் பொறுப்பு நான்" என்றார்.

அவர்கள் அதற்குமேல் தோண்டவில்லை. எட்டு மாதத்தில் அவருக்கு வர இருந்த பிரிவுத் தலைவர் பதவி போயிற்று. பழைய நோயாளிகளின் கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் அறைச் சாவியை எண்ணி வாங்கி என் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அக்கா என்னைத் தனியாக அழைத்து, "உங்க அத்தானுக்குக் கவனம் போயிடுச்சுடா. வயசாகுது போல. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கண் கலங்கினாள். நான் தலையாட்டினேன். சொந்தத் தம்பி, அவள் முன்னால் நின்று தலையாட்டினேன்.

அவர்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு புதுக் குளிர்பெட்டி வந்தது, புதுத் துவைக்கும் மெஷின் வந்தது. எதிலும் லேபிள் இல்லை. அக்கா நெற்றியில் ஒட்டும் கேலியை விட்டுவிட்டாள். அவர் ஆறு வருடம் கோப்பறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

நான் தலைவரானதும் நோட்டை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதியச் சொன்னேன். நவீனம் என்றேன். அந்த அட்டையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் விஷயம். ஒன்பது வருடம் கழித்து, போன மாதம், அந்த இரண்டு சர்வர்களையும் கழற்றிப் போட உத்தரவு வந்தது. ரேக்கைக் காலி செய்தபோது கீழ்த்தட்டில், தூசிக்கடியில், நூல் கட்டிய பேனாவோடு நோட்டு இருந்தது. தனியாக உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டு வரிகள் இருந்தன. முதலாவது, ஒரு மணி இருபது, இரண்டாவது சர்வர், கேபிள் உருவப்பட்டது. செய்தவர் கட்டத்தில் அவர் கையெழுத்து. அதற்குக் கீழே, பிறகு எழுதிய வரி. நேரம், பத்து நாற்பத்திரண்டு. முதல் சர்வர். முன்பு இருந்தது, எண் ஒன்று. மாற்றியது, எண் நாலு. திரும்பும் வழி என்ற கட்டத்தில் ஒரு கோடு. செய்தவர் என்ற கட்டம் காலி.

சர்வர் தானாகவே எழுதிக்கொள்ளும் பதிவேட்டில் நேரமும் உள்ளே நுழைந்த கணக்கும் விழுந்திருக்கும். அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. விசாரணை மேஜைக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த ஞாயிறு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். "என்னடா, லீவு நாள்ல ஆபீஸ் நோட்டோட?" என்றாள் அக்கா. டீ போட உள்ளே போனாள். அத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தார். நோட்டை அவர் மடியில் பிரித்து வைத்தேன்.

"நான்தான் அத்தான். நாலாம் நம்பரை நான்தான் போட்டேன்" என்றேன். பிறகு அழுதுவிட்டேன், நாற்பது வயதில்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். காலிக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"ஒரு வாரம் தினமும் இதைத் திறந்து பாத்துட்டு இருந்தேன்டா. நீ வந்து எழுதுவேன்னு. அப்புறம் சாவியை வாங்கிட்டாங்க."

"ஏன் அத்தான் நீங்க அவங்ககிட்ட சொல்லல?"

"நான் சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நீ சொல்லணும்." ரேடியோத் திருகாணிகளை வரிசைப்படுத்தினார். "பதவி போனதுல வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு. உங்கக்கா என்னை ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சதுதான் தாங்க முடியல. ஆனா உன்மேல ஆத்திரம் வரும்போதெல்லாம் ஒண்ணு சொல்லிக்குவேன். பாவம், அவனும் பயந்து போயிருப்பான், தன்னோட கிளிக்காலதான் விழுந்துச்சுன்னு அவனுக்கே அப்பத் தெரிஞ்சிருக்காது, ராத்திரி வீட்டுக்குப் போய் யோசிச்சப்பதான் புரிஞ்சிருக்கும்னு. அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன், இத்தனை வருஷமும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தரையில படுத்திருந்தேனே, நீ டார்ச் பிடிச்சுட்டு நின்னியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதைத்தான் கேட்க விரும்பினார், முகத்தில் அப்படியே தெரிந்தது. அடுப்படியில் அக்கா டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது வருடம் பேசாமல் இருந்த வாய், இன்னொரு பொய்யைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது.

"தெரியும் அத்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டை மெதுவாக மூடி, நூலைச் சுற்றிப் பேனாவைச் செருகி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உன் கை ஆடவே இல்லையேடா" என்றார்.